299 குச்சிகள்

எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாகச் சூட்டோடுதான் பிழைப்பு. தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கம் இறங்கியவர். வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து ரயிலேறிப் போன ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருத்தர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடே 60 டிகிரிக்கு மேல். மேலேயிருந்து காற்றை அனுப்பிக்கொண்டே இருந்தால்தான் ஆள் நிற்க முடியும். "காத்து எந்தப் பக்கம் வருதுன்னு பார்த்து நிக்கணும். அதான் உசுரு" என்று தாத்தா சொல்வாராம். நைனா பாலாற்றங்கரையில் செங்கல் சூளையில் கல் அடுக்கியவர். நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, ஒரு பொறியியல் கல்லூரியின் ஹீட் லேப்பில் உதவியாளனாக 1987இல் சேர்ந்தேன். 2025இல் ஓய்வு பெற்றேன்.

அந்த 38 வருசத்தில் நான் செய்த வேலைகளில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். 299 அலுமினியக் குச்சிகள் கடைந்த கதை.

ஹீட் சிங்க் என்றால் என்னவென்று சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆம்பிளிஃபயரையோ யு.பி.எஸ்.ஸையோ பிரித்துப் பார்த்தால் உள்ளே சீப்புப் பல் மாதிரி ஒரு அலுமினியத் துண்டு இருக்கும். அதுதான். கரண்ட் ஓடுகிற சில்லு சுடும். அந்தச் சூட்டைக் காற்று வாங்கிக்கொண்டு போகவேண்டும். ஆனால் காற்று லேசில் வாங்காது. ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, சும்மா நிற்கிற இடத்துக் காற்று வாங்குவது 5 முதல் 25 வாட் வரைதான். ஃபேன் வைத்து ஊதினால் அது பல மடங்கு கூடும். அப்படியும் நகக்கண் அளவு சில்லுக்குப் போதாது. அதனால் அதன் தலையில் ஒரு உலோகப் பலகையை வைத்து, பலகையிலிருந்து பற்களை நீட்டிப் பரப்பைப் பெருக்குகிறார்கள். பற்கள் தகடு தகடாக இருந்தால் காற்று அந்தத் தகடுகளின் வாக்கில் வந்தால்தான் உள்ளே நுழையும். தகடுக்குப் பதிலாகக் குச்சி குச்சியாக நட்டுவிட்டால் காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் போக வழி இருக்கும். இதற்கு இங்கிலீஷில் பின்-ஃபின் என்று பெயர். நாங்கள் லேப்பில் குச்சி என்றுதான் சொல்வோம்.

1993இல் பென்டியம் வந்தபோது அந்தச் சில்லு கக்கிய சூடு ஏறத்தாழ 15 வாட். அதற்கே ஃபேன் தேவைப்பட்டது. இன்றைக்கு 700 வாட் கக்குகிற சில்லுகள் வந்துவிட்டன. சூட்டை எப்படி வெளியேற்றுவது என்பதுதான் அன்றும் இன்றும் கேள்வி. அதனால் அந்தக் காலத்தில் எல்லாக் கல்லூரியிலும் யாராவது ஒருத்தர் இதில் ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பார். எங்கள் கல்லூரியிலும் 1996இல் ஒரு சார் தொடங்கினார். பின்-ஃபின் ஹீட் சிங்க்குகளின் வெப்பப் பரிமாற்றம் பற்றிய பி.எச்டி.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். மற்ற சார்கள் 'டேய்' போட்ட காலம் அது. டீ வாங்கி வந்தால் மட்டும், "மேசைல வச்சிடுங்க" என்பார். நான்கு வருசத்தில் ஒருநாள்கூட என் கையிலிருந்து நேராக வாங்கியதில்லை. தனி கிளாஸ் கிடையாது, திட்டு கிடையாது. மேசைதான் நடுவில்.

100 மி.மீ. சதுரம், 10 மி.மீ. கனத்தில் நான்கு அலுமினியப் பலகை. 6 மி.மீ. தடிமன், பலகைக்கு மேலே 50 மி.மீ. உயரம் நிற்கிற குச்சிகள். முதல் பலகையில் வரிசைக்கு 5 வீதம் 25 குச்சி, இரண்டாவதில் 49, மூன்றாவதில் 81, நான்காவதில் 144. கூட்டினால் 299. எல்லாம் லேத்தில் கடைந்து, நுனியை அரத்தால் ராவி, ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் பார்த்து எடுத்து வைத்தேன். ஐ.டி.ஐ.யில் ஒரு பழக்கம் உண்டு. செய்த ஜாபின் ஓரத்தில் நம்பர் பஞ்ச் வைத்துத் தட்டித் தன் ரோல் நம்பரைப் பதிக்கவேண்டும். இல்லாவிட்டால் மார்க் கிடையாது. கைப்பழக்கத்தில் அந்த நான்கு பலகையின் ஓரத்திலும் என் பழைய ரோல் நம்பரைத் தட்டிவிட்டேன். அவர் கவனிக்கவில்லை.

பிளைவுட்டில் காற்றுப்பெட்டி செய்து, ஒரு பக்கம் புளோயர் பொருத்தி, பலகைக்கு அடியில் ஹீட்டர், அதற்கும் அடியில் கிளாஸ் வூல் வைத்து, தெர்மோகப்பிள் கம்பிகளை நானே பற்றவைத்து ஒட்டினேன். ஹீட்டரைப் போட்டால் சூடு ஏறி ஒரே நிலையில் நிற்க இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதற்குப் பிறகுதான் ரீடிங். ஒரு ரீடிங் எடுத்துப் புளோயர் வேகத்தை மாற்றினால் மறுபடி காத்திருக்கவேண்டும். அவர் சாயங்காலம் 5 மணிக்குப் போய்விடுவார். "நைட் ரெண்டு செட் எடுத்து வச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். நோட்டில் இருக்கிற கையெழுத்து பாதிக்கு மேல் என்னுடையது.

முதல் மாதம் ரீடிங் எல்லாம் தப்பாக வந்தது. பலகை கொதிக்கிறது, குச்சி ஆறிக்கிடக்கிறது. பலகையில் போட்ட துளையில் குச்சியைச் சுத்தியால் தட்டி இறக்கச் சொல்லியிருந்தார். அப்படித்தான் செய்திருந்தேன். "கப்பிள ஒழுங்கா ஒட்டினீங்களா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் பிய்த்து மறுபடி பற்றவைத்தேன். அதே ரீடிங்.

எனக்கு விசயம் புரிந்துவிட்டது. குச்சியும் துளையும் கண்ணுக்கு ஒட்டி இருக்கிற மாதிரி தெரியும். ஆனால் எவ்வளவு வழவழப்பாகக் கடைந்தாலும் உலோகத்தின் மேல் மேடு பள்ளம் இருக்கும். மேடும் மேடும் முட்டுகிற சில இடத்தில்தான் தொடுகை. மீதி எல்லாம் மெல்லிசான காற்று. அலுமினியம் சூட்டைக் கடத்துவது 200 என்றால் அசையாத காற்று கடத்துவது 0.026. ஏறத்தாழ 7,500 மடங்கு குறைவு. அந்தக் காற்று தலைமுடி அளவுகூட இருக்காது. ஆனாலும் தடுத்துவிடும். தொட்ட மாதிரி இருக்கும், தொட்டிருக்காது. இது எனக்குப் புதிசு இல்லை.

சின்ன வயசில் எங்கள் ஊர்த்தெருவில் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்திருக்கிறேன். பட்டாவைச் சுற்றி எருமுட்டை அடுக்கிக் கொளுத்துவார்கள். சிவக்கச் சிவக்கக் காய்ந்ததும் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தில் மாட்டித் தண்ணி ஊற்றுவார்கள். சுருங்கி அப்படியே கவ்விக்கொள்ளும். எருமுட்டையும் தண்ணியும் சுமந்து கொடுப்பது சேரிப் பிள்ளைகள் நாங்கள். சக்கரத்தைத் தொடவிட மாட்டார்கள். பார்க்கிறதைத் தடுக்க முடியாதே.

அவரிடம் சொன்னேன். "சார், துளைய குச்சிய விட கொஞ்சம் சின்னதா ரீமர் பண்ணுவோம். பலகைய அவன்ல வச்சிக் காயவச்சா துளை விரியும். குச்சிய ஐஸ்ல வச்சி எறக்கினா, ஆறும்போது கவ்விக்கும்." அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். 6 மி.மீ. துளை 150 டிகிரி ஏறினால் 0.02 மி.மீ.தான் விரியும். "இவ்ளோ நுணுக்கமா உங்களால கையால முடியுமா?" என்றார். முடியும் என்றேன். துளையை 0.01 மி.மீ. சின்னதாக வைத்து, ஒரு சனிக்கிழமை ராத்திரி தொடங்கி ஞாயிறு ராத்திரி வரை 299 குச்சியையும் இறக்கினேன். இரண்டு விரல் பொத்துப்போனது. திங்கள்கிழமை ரீடிங் நேரானது.

அந்த வருசக் கடைசியில் நைனா கல்லூரிக்கு வந்தார். ஆஸ்பத்திரிக்குப் பணம் வேண்டும். சாயங்காலம் வரை கேட்டுக்கு வெளியிலேயே குந்தியிருந்திருக்கிறார், உள்ளே வந்தால் எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று. எல்லாரும் போனபிறகு லேப்புக்குள் கூட்டிவந்தேன். நான்கு பலகையும் மேசைமேல் இருந்தது. "இன்னாடா இது, ஆணிப் பலகை மாதிரி கீது?" என்று கேட்டார். சொன்னேன். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். 144 குச்சிப் பலகையைக் கீழே வைத்துவிட்டு, "இது வேலைக்கு ஆவாது" என்றார்.

"ஏன் நைனா? இதுலதான நெறைய குச்சி கீது."

"காத்து எங்கடா போவும்? சூளைல கல்ல நெருக்கி அடுக்கினா ஓரத்துக் கல்லு கருகிப்பூடும், நடுக்கல்லு பச்சையாவே நிக்கும். ரொம்ப வுட்டு அடுக்கினா வெறகு பத்தாது. சந்து வுடறதுலதான் எல்லாம் கீது." 49 குச்சிப் பலகையையும் 81 குச்சிப் பலகையையும் காட்டி, "இந்த ரெண்டுல ஒண்ணு" என்றார்.

49இல் குச்சிக்கும் குச்சிக்கும் இடையே 8 மி.மீ. சந்து. 81இல் 5 மி.மீ. 144இல் வெறும் 2 மி.மீ. அடுத்த இரண்டு வாரத்தில் எடுத்த ரீடிங்கில், புளோயரை நிறுத்தியும் மெதுவாக ஓட்டியும் பார்த்தபோது, 144 குச்சிப் பலகை 81ஐவிடச் சூடாக நின்றது. பரப்பு அதிகம்தான். ஆனால் நெருக்கத்துக்குள் காற்று நுழையாமல் மேலேயும் பக்கத்திலேயும் விலகிப் போய்விடுகிறது. நுழைந்த கொஞ்சமும் முதல் இரண்டு வரிசையிலேயே சூடேறிவிடுகிறது. நடுவில் இருக்கிற குச்சிக்கு வெந்த காற்றுதான் கிடைக்கிறது. புளோயரை முழு வேகத்தில் வைத்தால் உள்ளே நுழையும், ஆனால் தள்ளுவதற்குச் செலவாகும் கரண்ட் கூடிவிடும். குச்சிகளை நேர் வரிசையில் நடாமல் ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி நட்டாலும் அதே கதை. காற்று குச்சியில் மோதி மோதிக் கலங்குவதால் சூட்டை நன்றாக வாங்கும். மோதுவதால் தள்ளுகிற செலவும் ஏறும்.

நைனாவுக்கு எல்லாம் தெரியும் என்று பெருமை பேச இதை எழுதவில்லை. எந்த வேகத்துக்கு எத்தனை மி.மீ. சந்து என்று நைனாவால் சொல்ல முடியாது. அதற்குக் கணக்கு வேண்டும். கணக்கு நம் பிள்ளைகளும் படிக்கவேண்டும் என்றுதான் சேரியில் அம்பேத்கர் படத்தை மாட்டி இரவுப் பாடசாலை நடத்தினார்கள். நான் சொல்வது வேறு. 30 வருசம் சூளைப் புகையில் நின்று கற்றதும் அறிவுதான். அதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒருத்தரும் வரவில்லை என்பதால் அது அறிவு இல்லை என்று ஆகிவிடாது. நைனா 1998இல் செத்துப்போனார். நெஞ்செல்லாம் புகை.

2000இல் அந்த சாருக்கு வைவா. வெளியூரிலிருந்து பெரிய பேராசிரியர் வந்திருந்தார். நான் டீ, பிஸ்கட் தட்டோடு கதவோரம் நின்றிருந்தேன். பேராசிரியர் முதலில் கேட்டதே, "குச்சியைப் பலகையில் எப்படிப் பொருத்தினீர்கள்? இடைவெளித் தடை எவ்வளவு?" என்றுதான். சார் தயங்காமல் சொன்னார்: பலகையைச் சூடாக்கி, குச்சியைக் குளிரவைத்து, தானே ஒரு முறையை உருவாக்கியதாக. பேராசிரியர் "ரொம்ப நல்ல வேலை" என்று பாராட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். என் கையில் தட்டு இருந்தது.

ஒரு வாரம் கழித்து பைண்டு செய்த புத்தகத்தை அலமாரியில் வைக்க என்னிடம்தான் கொடுத்தார். நன்றிப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத வராது, படிக்க வரும். வழிகாட்டி பெயர், முதல்வர் பெயர், அப்பா அம்மா, மனைவி, மாமனார், டைப் அடித்துக் கொடுத்தவர் பெயர், அலுமினியம் வாங்கிய கடைக்காரர் பெயர். கடைசியில் 'துறை ஊழியர்கள்' என்று ஒரு வார்த்தை. மூன்று நாள் யோசித்துவிட்டுக் கேட்டேன்.

"சார், எம்பேரு வரல."

"ஸ்டாஃப்னு போட்டிருக்கேனே, அதுல நீங்களும்தான இருக்கீங்க. லேப் அசிஸ்டென்ட் பேர் தனியா போடற வழக்கம் இல்ல" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வழக்கம் இல்லை. ஊர்ப் பொதுக்கிணறு, டீக்கடை, கோயில், தேர் என்று எல்லா இடத்திலும் நாங்கள் கேட்ட அதே வார்த்தை.

பல வருசம் இதை யாரிடமும் பேசவில்லை. மகள்தான் பேசவைத்தாள். 2013இல் வேறொரு கல்லூரியில் மெக்கானிக்கல் சேர்ந்தாள். 200க்கு 171.5 கட்-ஆஃப். முதல் வாரமே பக்கத்தில் உட்கார்ந்த பெண், "உன் கட்-ஆஃப் எவ்ளோ?" என்று கேட்டிருக்கிறாள். சொன்னதும், "ஓ, கோட்டாவா" என்று திரும்பிக்கொண்டாளாம். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். நான் என்ன சொல்வது? படித்துக் காட்டு என்றேன். வேறு சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் வருசம் அவளுக்கு ஹீட் லேப் வந்தது. பின்-ஃபின் சோதனை எல்லாக் கல்லூரியிலும் ஒன்றுதான். காற்றுக் குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கிற ஒற்றைப் பித்தளைக் கம்பி. 12 மி.மீ. தடிமன், 150 மி.மீ. நீளம். புளோயர் இல்லாமல் ஒரு தடவை, போட்டு ஒரு தடவை ரீடிங் எடுத்து, கம்பியின் திறன் எவ்வளவு சதவீதம் என்று கணக்குப் போடவேண்டும். அன்றைக்கு ராத்திரி என் பக்கத்தில் உட்கார்ந்து போட்டாள். புளோயர் இல்லாமல் 82 சதவீதம். புளோயர் போட்டால் 56.

"கொறையுதே, தப்பா?" என்றேன். 28 வருசமாகப் பையன்கள் இந்த இடத்தில் பயந்துபோய் ரீடிங்கைத் திருத்துவதைப் பார்த்திருக்கிறேன். புளோயர் போட்டால் திறன் கூடத்தானே வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன்.

"தப்பு இல்லப்பா. இங்க பாருங்க. அடிச்சூடு ஒண்ணாவே இருந்தா, புளோயர் போட்டப்ப இந்தக் கம்பி வெளிய தள்ற சூடு 2.7 மடங்கு ஜாஸ்தி. ஆனா திறன்னு புத்தகத்துல எப்டி கணக்குப் போடறாங்கன்னா, அடி எவ்ளோ சூடோ நுனி வரைக்கும் அவ்ளோ சூடாவே இருக்கற ஒரு கம்பியோட இத ஒப்பிட்டுப் போடறாங்க. அப்டி ஒரு கம்பி உலகத்துலயே கெடையாது. காத்து ஜாஸ்தியா அடிச்சா நெசக் கம்பியோட நுனி ஆறிப்போவும். அதனால சதவீதம் கொறையும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "ஜாஸ்தி வேலை செய்யற கம்பிக்குத்தாம்பா மார்க் கொறையுது" என்றாள்.

அவள் கணக்கைத்தான் சொன்னாள். நான் வேறு எதையெல்லாமோ நினைத்துக்கொண்டிருந்தேன். 1990இல் மண்டல் கமிசன் அறிவிப்பு வந்தபோது எங்கள் கல்லூரி வராந்தாவில் தகுதி, திறமை என்று பேசாத ஆள் இல்லை. பேசினவர்கள் எல்லாம் எந்தக் கம்பியோடு எங்களை ஒப்பிட்டார்கள்? அடியிலிருந்து நுனி வரை சூடு குறையாத கம்பி. தாத்தா படித்து, அப்பா படித்து, வீட்டில் தனி அறையும் டியூசனும் இருந்த கம்பி. சூளையிலிருந்து வந்து, லேப்பில் ராத்திரி வேலை பார்த்தவன் மகள் எடுத்த 171.5 எவ்வளவு காற்றில் நின்று எடுத்தது என்று அந்தச் சதவீதத்தில் தெரியாது. ஹீட் சிங்க் வாங்குகிற எந்தக் கம்பெனியும் திறன் சதவீதத்தை மட்டும் பார்த்து வாங்காது. எத்தனை வாட் தள்ளும், சில்லு எத்தனை டிகிரியில் நிற்கும் என்றுதான் கேட்பான். குச்சிக்குக் கொடுக்கிற நியாயத்தை மனுசனுக்கும் கொடுக்கலாம்.

2025இல் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் லேப்பைக் காலி செய்தார்கள். பழைய சாமான்களைக் காயலான்கடைக்கு எடைக்குப் போட ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். அதில் அந்த நான்கு பலகையும் கிடந்தது. தூசு ஏறி, சில குச்சி வளைந்து. ஒரு குச்சிகூடக் கழன்றிருக்கவில்லை. அலுமினிய விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். ஆபீசில் ரசீது போட்டுக் கொடுத்தார்கள். ஓரத்தைத் துடைத்துப் பார்த்தேன். நான் பஞ்ச் அடித்த நம்பர் அப்படியே இருந்தது.

மகள் இப்போது மோட்டார் கன்ட்ரோலர் செய்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறாள். ஹீட் சிங்க் வரைவதுதான் வேலை. 81 குச்சிப் பலகையை அவள் கேட்டு எடுத்துக்கொண்டு போனாள். மற்ற மூன்றும் வீட்டில், அம்பேத்கர் படத்துக்குக் கீழே இருக்கிறது. அவள் போன மாசம் ஒரு அறிக்கை அனுப்பியிருந்தாள். கடைசிப் பக்கத்தில், சோதனைக்குப் பலகை செய்துகொடுத்த இரண்டு ஃபிட்டர்கள் பெயரும், ராத்திரி ரீடிங் எடுத்த ஒரு பையன் பெயரும் போட்டிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்து அவள் செய்ததில்லை.

இந்தக் கட்டுரைக்கு மேலே என் பெயர் இருக்கும். 25 வருசம் கழித்து, வேறொரு இடத்தில். இது போதும் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் பிள்ளை படிக்கிற கல்லூரியிலும் ஒரு ஹீட் லேப் இருக்கும். அங்கே ஒருத்தர் டிம்மரைத் திருகிக்கொண்டு நின்றிருப்பார். அவர் பெயர் என்னவென்று கேட்டுவிட்டு வரச்சொல்லுங்கள்.